மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய வார்த்தை

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ரயில் நிற்கும் ஸ்டேஷனுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஏறி இறங்குகிறார்கள். மெப்ஸுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் "சானடோரியத்துக்குப் போயிருக்கான்" என்று ஒரு வீட்டில் சொன்னால் அடுத்த கேள்வி யாரும் கேட்கமாட்டார்கள். காசநோய் என்று அதற்கு அர்த்தம். கல்யாணப் பேச்சு நின்றுவிடும் அளவுக்குக் கனமான வார்த்தை அது.

நான் டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். இந்த மருத்துவமனையின் கதையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். மருந்தின் பக்க விளைவுகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது என்ற வழக்கம் நம் பக்கத்தில் எப்படி வளர்ந்தது என்பதுதான் அந்தக் கோணம். மாணவனாக இருந்தபோது நான் படித்த பாடங்களில் இன்றுவரை கைகொடுப்பது அது. அதற்கும் நம்மூர் சானடோரியத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

மருந்தே இல்லாத காலம்

டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பவர் 1928ல் பச்சைமலைப் பக்கம் 12 படுக்கைகளோடு இந்த சானடோரியத்தைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு காசநோய் விடுதி நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் சில காலம் அங்கே சிகிச்சையில் இருந்திருக்கிறார். தாம்பரம் அப்போது சென்னைக்கு வெளியே காடும் வெளியுமாக இருந்த இடம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததே 1931ல்தான். 1937ல் சானடோரியத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

அன்றைக்குக் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு, இவைதான் சிகிச்சை. ஆகவே மாத்திரையின் பக்க விளைவு என்ற பேச்சுக்கும் இடமில்லை. நோயாளி படுக்கையில் கிடந்தார். நர்ஸ் காய்ச்சல் பார்த்தார், எடை பார்த்தார், சளியைப் பார்த்தார். கவனிக்கும் வேலை முழுவதும் ஆஸ்பத்திரியுடையது. நோயாளி எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மருந்து வந்தது, தொல்லையும் வந்தது

1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 1948ல் வெளிவந்தது. மருத்துவப் புத்தகங்களில் இன்றும் பேசப்படும் பரிசோதனை அது. ஊசி வேலை செய்தது. ஆனால் இரண்டு விஷயங்களும் கூடவே தெரிந்தன. ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமி சில மாதங்களில் அதை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. அத்துடன் ஊசி போட்டவர்களில் பலருக்குத் தலை சுற்றியது. அந்த மருந்து உள்காதைத் தாக்கும். நடையில் தள்ளாட்டம் வரும், காதில் இரைச்சல் கேட்கும், சிலருக்குக் காதே கேட்காமல் போகும்.

அடுத்து பி.ஏ.எஸ். என்ற மருந்து வந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிராம் விழுங்க வேண்டும். இன்றைக்கு நாம் போடும் ரத்த அழுத்த மாத்திரையில் இருக்கும் மருந்து 5 மில்லிகிராம்தான். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய சுமை என்று புரியும். வாந்தி, வயிற்றுப் புரட்டல், பேதி எல்லாம் வரும். 1952ல் ஐ.என்.எச். வந்தது. விலை மலிவு, சின்ன மாத்திரை, நல்ல பலன். அதிலும் ஒரு குறை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மருந்தை மட்டும் நம்பி சிகிச்சை செய்யலாம் என்ற நிலை வந்ததும் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. நாட்டில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன?

சேத்துப்பட்டில் கிடைத்த பதில்

அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் சென்னை. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ் அங்கே முதல் இயக்குநர். நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெற்றார்கள். இன்னொரு பிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரு வருடம் ஐ.என்.எச்.சும் பி.ஏ.எஸ்.சும் கொடுத்தார்கள்.

1959ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் பாலும் முட்டையும் ஓய்வும் கிடைத்தவர்களும், இடுக்கு வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு வேலைக்கும் போனவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றியதும் அதிகமாக இல்லை. குணப்படுத்துவது மருந்துதான் என்பது நிரூபணமானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். நம் தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. அது நெஞ்சக நோய் மருத்துவமனையாக மாறி வளர்ந்தது.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. நோயாளி படுக்கையை விட்டு வீட்டுக்குப் போனதும், நர்ஸ் செய்துகொண்டிருந்த வேலையும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. தலை சுற்றுகிறதா, கண் மஞ்சளாகிறதா, கால் மரத்துப்போகிறதா என்று பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை. நோயாளியே பார்த்துக்கொள்ள வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் அவர் எப்படிப் பார்ப்பார்?

சேத்துப்பட்டு மையத்தார் இதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி அதில் பெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள். பி.ஏ.எஸ். சாப்பிட்டிருந்தால் நிறம் மாறும். மருந்தைத் தவறாமல் சாப்பிடுவது மனித சுபாவத்துக்குக் கடினமான காரியம் என்பதை உலகத்துக்கு ஆதாரத்தோடு காட்டியவர்கள் அவர்கள். வாரம் இரண்டு முறை கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் 1960களில் அங்கே சோதித்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்று ஊர் ஊராக வந்த திட்டத்துக்கு வேர் அதில் இருக்கிறது.

ஐ.என்.எச்.சின் குறை என்றேனே, அதையும் அங்கே விரிவாக ஆராய்ந்தார்கள். அளவு கூடினால் சிலருக்குக் கைகால் எரியும், மரத்துப்போகும். நம் உடம்பு அந்த மருந்தை எவ்வளவு வேகமாகக் கழிக்கிறது என்பது பிறவியிலேயே அமைவது. மெதுவாகக் கழிப்பவர்களுக்கும் சத்துக் குறைந்தவர்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம். பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தாலே போதும், தடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். இன்றைக்கும் காசநோய் மாத்திரையோடு கொடுக்கும் அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரையின் பின்னால் சென்னை நோயாளிகளின் பங்கு இருக்கிறது. அதை "வெறும் சத்து மாத்திரை" என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாததன் விளைவு அது.

வார்டில் படித்த பாடம்

நான் கிளினிக்கல் மாணவனாக வார்டுக்குள் நுழைந்தது 1980களின் தொடக்கத்தில். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அப்போது ரிஃபாம்பிசின் கொஞ்சம் கொஞ்சமாகப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருடச் சிகிச்சையை ஆறு, எட்டு மாதமாகக் குறைத்த மருந்து அது. விலை அதிகம். அதைக் கொடுப்பதை ஒரு பாக்கியம்போலப் பேசுவார்கள்.

பல்லாவரம் பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் அந்த மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான்கு மாதம் கழித்து ரத்தம் ரத்தமாக இருமிக்கொண்டு திரும்ப வந்தார். மருந்தை நாலாவது நாளே நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மூத்திரத்துல ரத்தமா போச்சு சார். சூடு தாங்கலை" என்றார். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். வியர்வை, கண்ணீர்கூட நிறம் மாறும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அதை எழுதிக் கொடுத்த இடத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் சிறுநீர் நிறம் மாறினால் சூடு என்றுதான் அர்த்தம். சூடு என்றால் இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு மோர் குடிப்பார்கள். அந்த மனிதர் அவருக்குத் தெரிந்த நியாயப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்.

அந்த வார்டில் வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவரிடம்தான் நாங்கள் இந்தக் கலையைக் கற்றோம். நோயாளியிடம் பேசும்போது 'பக்க விளைவு' என்ற சொல்லையே அவர் எடுக்கமாட்டார். "ஐயா, நாளைக்குக் காலையில ஒண்ணுக்குப் போனா கலரா போகும். அது மருந்தோட கலரு, ரத்தமில்லை. மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம், பயப்படாதீங்க" என்பார். உடனே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்: "தெனம் கண்ணாடியில கண்ணைப் பாருங்க. வெள்ளையா இருந்தா சரி. மஞ்சளா இருந்தாலோ, சோறு இறங்காம கொமட்டினாலோ அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு இங்க வந்துடணும்."

இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். இதே மருந்துகள் ஈரலைத் தாக்கி மஞ்சள் காமாலையையும் உண்டாக்கலாம். காமாலையிலும் சிறுநீர் கருமஞ்சளாகும். "நிறம் மாறினால் பரவாயில்லை" என்று முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லி அனுப்பினால், காமாலை வந்தவர்கூட அதை மருந்தின் நிறம் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவார். பயத்தைப் போக்கும் வார்த்தையோடு எச்சரிக்கும் வார்த்தையும் சேர்ந்து போக வேண்டும்.

பேசி முடித்ததும் சிஸ்டர், "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பார். நோயாளி தலையாட்டினால் ஏற்கமாட்டார், வாயால் சொல்ல வேண்டும். எங்களையும் அப்படியே செய்ய வைத்தார். பத்து நோயாளிக்குச் சொன்னால் நாலு பேர் வேறு எதையோ திருப்பிச் சொல்வார்கள். அப்புறம்தான் நாம் எவ்வளவு குழப்பமாகப் பேசியிருக்கிறோம் என்று தெரியும்.

அந்தப் பாடத்தை நான் மூன்று பெட்டியாகப் பிரித்து மனதில் வைத்துக்கொண்டேன். முதல் பெட்டியில் வரும், ஆனால் கெடுதல் இல்லாதவை. ரிஃபாம்பிசினின் நிறம் இந்த வகை. இரண்டாவதில் தொல்லை கொடுக்கும், ஆனால் மருந்தை நிறுத்தாமலே சரிசெய்யக்கூடியவை. பைரசினமைடு தரும் மூட்டு வலி, ஐ.என்.எச். தரும் எரிச்சல், வெறும் வயிற்றில் வரும் குமட்டல் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவதில் உடனே ஓடிவர வேண்டியவை. கண் மஞ்சளாவது, எத்தாம்பியூட்டால் சாப்பிடும்போது பார்வை மங்குவது அல்லது சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாமல் போவது, ஸ்ட்ரெப்டோமைசினில் காது இரைவது, தோல் கொப்பளிப்பது. எத்தாம்பியூட்டால் பாதிப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். தாமதமானால் போனது போனதுதான்.

மறுபடியும் தாம்பரம்

1986ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அதுவும் ஒரு மாணவியின் வேலைதான். எச்.ஐ.வி. வந்தவர்களுக்குக் காசநோய் எளிதில் பற்றும். 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்ட காலம் அது. பழைய சானடோரியத்துக்கு இரண்டாம் முறை அதே பெயர் வந்தது. அங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்ல முடியாத இடமாக அது மறுபடி ஆயிற்று.

அந்த நாட்களில் தயாசிடாசோன் என்ற மலிவான காசநோய் மருந்து இங்கே பரவலாக இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது தோல் உரிந்து உயிர் போகும் அளவுக்கு ஒவ்வாமை தரும் என்று 1990களின் தொடக்கத்தில் கென்யாவிலிருந்து செய்தி வந்தது. அதற்குப் பதில் எத்தாம்பியூட்டால் கொடுக்கச் சொன்னார்கள். ஒரே மருந்து ஒருவருக்கு அமிர்தம், இன்னொருவருக்கு நஞ்சு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2004 ஏப்ரல் 1ஆம் தேதி மத்திய அரசு எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தொடக்கத்தில் நாட்டில் எட்டு மையங்கள். தாம்பரம் அதில் ஒன்று. முன்பு சாவுக்குத் தயாரானவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த மருந்துகளும் சும்மா வரவில்லை. நெவிரப்பின் தோலையும் ஈரலையும் தாக்கலாம். ஆகவே முதல் இரண்டு வாரம் பாதி அளவில் கொடுத்துப் பிறகு முழு அளவுக்குப் போக வேண்டும். சிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும். எஃபாவிரென்ஸ் விபரீதக் கனவுகளைக் கொண்டுவரும்.

ஸ்டாவுடின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் கன்னத்துக் கொழுப்பு கரையும், முகம் ஒட்டிப்போகும். யாருக்கும் தெரியாமல் மருந்து வாங்கிப் போனவரின் ரகசியத்தை அவர் முகமே தெருவுக்குச் சொல்லிவிடும். நோயை மறைத்து வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! 2009ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது, பிறகு இங்கேயும் நின்றது. அதுவரை அந்த நோயாளிகளை மருந்தை விடாமல் தொடர வைத்ததில் ஆலோசகர்களின் பங்கு பெரிது. மருந்து தொடங்குவதற்கு முன்பே உட்கார வைத்து, என்ன வரும், எது போகும், எதற்கு ஓடிவர வேண்டும் என்று பேசுவது அந்த மையங்களில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டது. எங்கள் சிஸ்டர் தன் போக்கில் செய்ததை அரசாங்கத் திட்டமே ஏற்றுக்கொண்டது என்று எனக்குத் தோன்றும்.

நம் மாத்திரை டப்பா

இதெல்லாம் டி.பி.க்கும் எச்.ஐ.வி.க்கும்தானே என்று இருந்துவிட வேண்டாம். நம் வயதில் ஆளுக்கொரு மாத்திரை டப்பா இருக்கிறது. அதே மூன்று பெட்டிகள் அதற்கும் பொருந்தும்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், பயமில்லை. அதே கருப்பு, ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடுபவருக்குத் தார் மாதிரி போனால் வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே போக வேண்டும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். எனலாப்ரில், ராமிப்ரில் வறட்டு இருமல் தரும். இதற்காக மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை மாற்றினாலே போதும், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். பிராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகளில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழ நேரும். இரண்டு டாக்டர்களிடம் மருந்து வாங்குபவர்கள் இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்ட வேண்டும். ரிஃபாம்பிசின் மாதிரி சில மருந்துகள் மற்ற மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் அதில் உண்டு.

1961ல் தாலிடோமைடு என்ற மருந்தால் வெளிநாடுகளில் குழந்தைகள் கைகால் இல்லாமல் பிறந்தது தெரியவந்த பிறகுதான் பக்க விளைவுகளைத் தொகுத்துக் கண்காணிக்கும் முறை உலகத்தில் வலுப்பட்டது. நம் நாட்டில் 2010 முதல் அதற்கென்று தேசியத் திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தகவல் கொடுக்கலாம். டாக்டர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.

புதிதாக ஒரு மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் பயப்படாமல் இருக்க வேண்டிய மாறுதல் என்ன? தொல்லை வந்தால் எப்படிச் சமாளிக்க வேண்டும்? எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும்? டாக்டருக்கு நேரமில்லை என்றால் சிஸ்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கேட்கலாம். பதிலை வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். கூட யாராவது வந்திருந்தால் அவரையும் கேட்க வையுங்கள், வீட்டில் நம் கண் மஞ்சளாவதை நமக்கு முன்னால் பார்க்கப்போவது அவர்தான்.

தானாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், தொல்லையை வாய் மூடிப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டுமாவது மாத்திரை டப்பாவின் மூடியில் தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள்.